வால்ரஸ் கறி, நாக்குத் துண்டு, ஊர் ரேடியோ: நுனாவிக் இனூயிட் மக்கள் புழு நோயைத் தடுக்குற விதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்டிக் மக்கள் பச்சைக் கறி சாப்பிடுறாங்க, அதனால புழு நோய் வருதுன்னு எங்கயாவது பேச்சு வந்தா உடனே பத்து பேர் வந்து அட்வைஸ் பண்ணிட்டுப் போவாங்க. அந்த மக்களே சேர்ந்து இதுக்கு என்ன ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்கன்னு யாரும் கேக்குறது இல்ல. அதத்தான் இங்க கேள்வி பதிலா எழுதியிருக்கேன். பெரும்பாலும் கனடாவுல இருக்குற நுனாவிக் பத்தினது, நடுவுல கிரீன்லாந்து அலாஸ்கா எல்லாம் கொஞ்சம் வரும்.

நுனாவிக்னா எங்க இருக்கு?

கனடாவுல க்யூபெக் மாகாணத்தோட வட கோடி. மாகாணத்து நிலத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, ஆனா ஜனத்தொகை சுமார் 14,000 தான், அதுல பெரும்பாலானவங்க இனூயிட்ங்குற பழங்குடி மக்கள். மொத்தமே 14 ஊரு, எல்லாம் கடலையோ கடல்ல போய்ச் சேர்ற ஆத்தையோ ஒட்டி இருக்கு. ஊருக்கு ஊரு ரோடு கிடையாது. ப்ளேன்ல போகணும், இல்ல கோடைல படகு, பனிக்காலத்துல ஸ்னோமொபைல். இந்த ரோடு இல்லாத விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ரொம்ப உதவும்.

நிர்வாகத்துக்குத் தலைமை ஊரு கூஜுவாக். 1975ல அணை கட்டுறது சம்பந்தமா அரசாங்கத்தோட ஜேம்ஸ் பே ஒப்பந்தம்னு ஒண்ணு ஆச்சு, அதுல இனூயிட் மக்களுக்கு வந்த நஷ்டஈட்டுப் பணத்தையும் உரிமைகளையும் பாத்துக்க மகிவிக்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க. ஏர் இனூயிட்னு ஒரு ப்ளேன் கம்பெனி அவங்களோடது, கூஜுவாக்ல இருக்குற நுனாவிக் ஆராய்ச்சி மையமும் அவங்களோடது. புழு கதையில இது ரெண்டும் வரும்.

எந்தப் புழுவைப் பத்திப் பேசுறோம்?

ட்ரிக்கினெல்லா. வயித்துல நீளமா வளர்ற நாடாப்புழு இல்ல, கண்ணுக்கே தெரியாத சின்ன உருளைப்புழு. அதோட குஞ்சு விலங்கோட தசைக்குள்ள சுருண்டு படுத்துக்கும். அந்தக் கறிய யாராவது சாப்பிட்டா வயித்து ஆசிட்ல கூடு கரைஞ்சு வெளிய வரும், சிறுகுடல்ல போயி பெருசாகும், ஜோடி சேரும், அப்புறம் பொட்டப்புழு ஆயிரக்கணக்குல குஞ்சு விடும், அதுங்க ரத்தத்துல மிதந்து போயி நம்ம தசைக்குள்ள குடியேறிடும். மனுசன் கிட்ட இருந்து இன்னொரு மனுசனுக்கு ஒட்டாது, கறி வழியா மட்டும்தான்.

இதுல பல வகை இருக்கு. பன்றிக் கறில வர்றது ஸ்பைராலிஸ், ஆர்க்டிக்ல இருக்குறது நேட்டிவான்னு இன்னொண்ணு. பனிக்கரடி, ஆர்க்டிக் நரி, வால்ரஸ் (நீளத் தந்தம் இருக்குற பெரிய கடல் விலங்கு) இதுங்ககிட்ட இருக்கும். இது ரெண்டுக்கும் இருக்குற ஒரே ஒரு வித்தியாசம்தான் மொத்தப் பிரச்சனைக்கும் காரணம், கீழ ஃப்ரீஸர் கேள்வில சொல்றேன்.

வால்ரஸ் சிப்பி தின்னுற ஜீவன் ஆச்சே, அதுக்கு எப்படிப் புழு வந்துச்சு?

நல்ல கேள்வி. வால்ரஸோட முக்கியச் சாப்பாடு கடல் அடிமட்டத்துல இருக்குற சிப்பிதான், அதனால பெரும்பாலான வால்ரஸ்கிட்ட இந்தப் புழு இருக்காது. ஆனா சில வால்ரஸ் சீலையும் (கடல்நாய்) புடிச்சுத் தின்னும், செத்து மிதக்குற விலங்கையும் தின்னும். சீல் தின்னுற வால்ரஸ் வேற மாதிரின்னு இனூயிட் வேட்டைக்காரங்களுக்கு ரொம்ப காலமாவே தெரியும். ஆனா பாத்து மட்டும் சொல்லிட முடியாது, கறில புழு இருந்தாலும் நிறமோ வாசனையோ ருசியோ மாறாது.

இன்னொரு விஷயம், நல்லா வளர்ந்த ஆண் வால்ரஸ் ஒரு டன்னுக்கு மேல இருக்கும். ஒண்ணு அடிச்சா ஊரே சாப்பிடும், சொந்தக்காரங்க இருக்குற அடுத்த ஊருக்கும் பார்சல் போகும். அதனால ஒரே ஒரு விலங்குகிட்ட புழு இருந்தாலும் ஒரு வீட்டோட நிக்காது, ஒரே நேரத்துல பல வீட்டுல ஆளுங்க படுத்துடுவாங்க.

ஃப்ரீஸர்ல வச்சா புழு செத்துடும்தானே?

பன்றிக் கறில வர்ற ஸ்பைராலிஸ் சாகும். 15 சென்டிமீட்டருக்குக் கம்மியான கனத்துல துண்டு போட்டு மைனஸ் 15 டிகிரில 20 நாள் வச்சா போதும்னு பழைய விதியே இருக்கு. நேட்டிவா சாகாது. மாசக்கணக்குல இல்ல, வருஷக்கணக்குல உறைஞ்சு கிடந்த கறில இருந்து உயிரோட எடுத்திருக்காங்க. யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, பனில செத்து உறைஞ்சு கிடக்குற விலங்க அடுத்த வசந்தத்துல ஒரு நரி வந்து தின்னுற ஊர்ல குளிர் தாங்காத புழு எப்படிப் பொழைக்கும்.

உப்புப் போட்டாலும் சாகாது, காய வச்சாலும் புகை போட்டாலும் நம்ப முடியாது. மைக்ரோவேவும் ஒரே சீரா சூடு பண்ணாது, அதனால அதையும் நம்பக்கூடாது.

அப்ப வேக வச்சுத் தின்னா என்ன? அதுல என்ன கஷ்டம்?

இதத்தான் எல்லாரும் மொத கேள்வியா கேப்பாங்க, நான் வேணும்னே தள்ளி வச்சேன். அறிவியல்படி பதில் சுலபம், கறியோட நடுப்பாகம் 71 டிகிரி செல்சியஸ் வந்தா புழு செத்துடும், கதை முடிஞ்சுது. பல வருஷமா தெற்க இருந்து வந்த சுகாதார ஆளுங்களும் அதத்தான் சொல்லிட்டுப் போனாங்க.

ஆனா அங்க பச்சையா, உறைஞ்ச கறியா, ஊற வச்ச கறியா சாப்பிடுறது தலைமுறை தலைமுறையா வர்ற சாப்பாடு. மரமே முளைக்காத நிலம் அங்க பாதி, அடுப்பெரிக்க சீல் கொழுப்பு விளக்குதான் இருந்துச்சு ஒரு காலத்துல, கறிய ரெண்டு மணி நேரம் கொதிக்க விடுறதெல்லாம் நடக்குற காரியமா. பச்சைக் கறிலயும் தோல்லயும் இருந்துதான் அவங்களுக்கு வைட்டமின் சி கிடைச்சுது, திமிங்கலத் தோலான மக்தாக் அதுக்குப் பேர் போனது. இன்னிக்குக் கடையில எல்லாம் கிடைக்குது, ஆனா ப்ளேன்லயோ கப்பல்லயோ வர்ற சாமான் விலைய பாத்தா தலை சுத்தும், வீட்டுல சாப்பாடு பத்தாத குடும்பங்க நுனாவிக்ல நிறைய. அந்த மாதிரி இடத்துல வேட்டைக் கறிதான் இருக்குறதுலயே சத்தான சாப்பாடு, காசும் கொடுக்க வேணாம்.

அப்புறம் வேக வச்சாலும் தப்பிச்சுடலாம்னு இல்ல. 2016லயும் 2017லயும் அலாஸ்காவுல நார்ட்டன் சவுண்ட் பக்கம் வால்ரஸ் கறி சாப்பிட்டு ரெண்டு தடவையா மொத்தம் 10 பேருக்கு இந்த நோய் வந்துச்சு (அவங்க வேற பழங்குடி, ஆனா அதே ஆர்க்டிக் கதைதான்). கறிய சமைச்சுதான் சாப்பிட்டிருக்காங்க. வெளிய நல்லா வெந்துருச்சு, உள்ள வேகல, உள்ள அப்படி இருந்தாத்தான் அவங்களுக்குப் பிடிக்கும். சாப்பிடுற பழக்கத்த மாத்துன்னு சொல்ற அட்வைஸ் எங்கயுமே இப்படித்தான் முக்காவாசி தூரம் போயி நின்னுடும்.

இகுனாக்னா என்ன?

வால்ரஸ் கறியையும் கொழுப்பையும் அதோட தோலுக்குள்ளயே வச்சு மூட்டையாத் தைச்சு, கடற்கரைக் கூழாங்கல்லுக்கு அடியில புதைச்சு, மாசக்கணக்குல அப்படியே விட்டு ஊற வச்சு எடுக்குற பண்டம். பெரியவங்களுக்கு இது ரொம்ப ஒசத்தி. விருந்து நாள்ல எடுப்பாங்க, சொந்தக்காரங்களுக்கு அனுப்புவாங்க. வாடை தூக்கும்னு சொல்லுவாங்க, நம்மாளுங்க கருவாட்டுக்கு மூக்கப் பொத்தாம இருந்தா இதையும் கிண்டல் பண்ண வேணாம்.

பிரச்சனை என்னன்னா ஊறுறதுல புழு சாகுறது இல்ல, இலையுதிர் காலத்துல புதைச்சத குளிர்காலத்துல எடுக்குறாங்க, நடுவுல முழுக்கக் குளிர்தான். வேக வைக்குற பேச்சுக்கே இடமில்ல, வேக வச்சா அது இகுனாக்கே இல்லையே. அதனால இகுனாக்க காப்பாத்தணும்னா ஒரே வழிதான், புதைக்குறதுக்கு முன்னாடி அந்த விலங்குகிட்ட புழு இல்லைன்னு தெரிஞ்சிருக்கணும்.

(இகுனாக்ல பாட்டுலிசம்னு இன்னொரு ஆபத்தும் இருக்கு, அது புழு இல்ல பாக்டீரியா விஷம். பிளாஸ்டிக்ல காத்துப் போகாம இறுக்கிக் கட்டி, சூடான இடத்துல ஊற வச்சா வரும். பழைய முறைல குளிர்ல, தோல்ல கட்டிச் செய்யுறதுதான் நல்லதுன்னு டாக்டர்களே சொல்றாங்க.)

இந்த நோய் வந்தா உடம்பு என்ன பண்ணும்?

மொத ரெண்டு மூணு நாள்ல வயித்து வலி, பேதி, வாந்தி வரலாம், பல பேருக்கு அது லேசா போயிடும். ரெண்டு வாரத்துல இருந்து எட்டு வாரத்துக்குள்ள அடுத்த கட்டம், புழுக் குஞ்சு தசைக்குள்ள போற நேரம். காய்ச்சல், கண்ணச் சுத்தி வீக்கம், தாங்க முடியாத தசை வலி, அசதி. ரத்தத்துல ஈசினோஃபில்ங்குற ஒரு வகை வெள்ளை அணு தாறுமாறா ஏறும். இதயத்தையோ மூளையையோ தாக்குனா உயிருக்கே ஆபத்து, ஆனா அது அபூர்வம்.

1980கள்ல நுனாவிக்ல பேஷண்டுகள பாத்தவங்க வேற ஒண்ணையும் கண்டுபுடிச்சாங்க. சில பேருக்கு இந்தக் காய்ச்சல், வீக்கம் எதுவும் பெருசா இல்ல, வாரக்கணக்குல பேதி மட்டும் நிக்காம போகுது. ஏற்கனவே ஒரு தடவ இந்தப் புழு வந்து உடம்புல எதிர்ப்பு இருக்குறவங்களுக்கு மறுபடி வந்தா இப்படித்தான் காட்டுதுன்னு புரிஞ்சுது. இத எழுதுனது டாக்டர் டிக் மக்லீன், மாண்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்து வெப்பமண்டல நோய் மையத்துல இருந்தவர். வெப்பமண்டல டாக்டருக்கு வேலை ஆர்க்டிக்ல.

தடுப்பு ஏற்பாடு எப்போ, எப்படி ஆரம்பிச்சுது?

1980கள்ல சல்லூயிட் மாதிரி ஊர்கள்ல வால்ரஸ் கறியால அடுத்தடுத்து நோய் வந்துச்சு. மக்லீனோட ஆளுங்க 1989ல எழுதுன கட்டுரையிலயே இப்படி ஐந்து தடவ நடந்தத சொல்லியிருக்காங்க. ஊர்ல பயம் வந்துருச்சு, சில பேர் வால்ரஸ் வேட்டைக்குப் போறதா வேணாமான்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. வேட்டை நின்னா கறி மட்டும் போறதில்ல, படகு ஓட்டுறது, நீரோட்டம் பாக்குறது, பங்கு போடுறது, இகுனாக் கட்டுறது எல்லாமே சின்னப் பசங்க கத்துக்காம போயிடும்.

அப்ப வேட்டைக்காரங்க, ஊர்ப் பெரியவங்க, மகிவிக்கோட ஆராய்ச்சி மையம், பிராந்திய சுகாதார வாரியம் எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணாங்க: சாப்பிடாதேன்னு சொல்ல வேணாம், சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வால்ரஸையும் சோதிச்சுடுவோம். 1990கள்ல இது நுனாவிக் ட்ரிக்கினெல்லோசிஸ் (இந்தப் புழு நோயோட பேரு) தடுப்புத் திட்டமா உருவாச்சு. கேக்குறதுக்கு சாதாரணமா இருக்கு. ஆனா கறிக்கடை கிடையாது, அறுப்புக்கூடம் கிடையாது, முத்திரை குத்த இன்ஸ்பெக்டர் கிடையாது, இப்படி ஒரு இடத்துல நடுக்கடல்ல அடிச்ச விலங்க ஒண்ணு விடாம சோதிக்கணும்னா அத செய்யக்கூடிய ஒரே ஆளு வேட்டைக்காரர்தான்.

சோதனை எப்படி நடக்குது? முழுசா சொல்லுங்க.

பெரும்பாலும் இலையுதிர் காலத்துல வேட்டை. ஹட்சன் நீரிணைல இருக்குற தீவுங்க பக்கமோ, இனுக்ஜுவாக் ஊருக்காரங்களா இருந்தா ஸ்லீப்பர் தீவுங்க பக்கமோ பெரிய படகுல போவாங்க, சில நாள் அங்கயே தங்குவாங்க. வால்ரஸ அடிச்சு அறுக்கும்போதே அதோட நாக்க தனியா எடுத்து வச்சுக்குவாங்க. எந்த நாக்கு எந்த விலங்கோடது, அந்த விலங்கோட கறி எந்த மூட்டைல இருக்குன்னு அடையாளம் போட்டுடணும். இதுதான் முக்கியமான வேலையே. இதுல குழப்பம் ஆனா லேப்ல எவ்வளவு நல்லா பாத்தாலும் பிரயோஜனம் இல்ல, ஒரு நாக்குல புழு இருக்குன்னு தெரிஞ்சா எல்லா மூட்டையையும் தூக்கிப் போடணும்.

ஊருக்கு வந்ததும் நாக்கு மாதிரி எல்லாம் ப்ளேன் ஏறி கூஜுவாக் லேப்புக்குப் போகும். கறி அது வரைக்கும் ஊர்ல காத்திருக்கும், யாரும் பங்கு போட மாட்டாங்க, புதைக்கவும் மாட்டாங்க.

லேப்ல பண்றது செயற்கை செரிமானம். நாக்குத் தசைய சின்னதா நறுக்கி பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணில போட்டுக் கலக்கிக்கிட்டே இருப்பாங்க, அதாவது வயித்துல நடக்குறத கண்ணாடிக் குடுவைல நடத்துறாங்க. தசை கரைஞ்சு போகும், புழு கரையாது. வடிகட்டி அடியில தங்குறத மைக்ரோஸ்கோப்ல பாத்தா, இருந்தா சுருண்டு நெளியுற குஞ்சு தெரியும். சில மணி நேர வேலைதான், கோடிக்கணக்குல மெஷின் எல்லாம் வேணாம், நல்லா பழகுன ஒரு டெக்னீசியனும் ஒழுங்கான முறையும் இருந்தா போதும்.

முடிவு வந்ததும் ஊருக்கு போன் போகும். ஊர் எஃப்எம் ரேடியோல அவங்க பாஷையிலயே சொல்லிடுவாங்க. அந்த ஊர்கள்ல ரேடியோ எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், யாருக்குப் பொறந்தநாள், யார் வீட்டுல சாப்பாட்டுக்குக் கூப்புடுறாங்க, எல்லாம் அதுலதான். வால்ரஸ் ரிசல்ட்டும் அதுலயே வந்துடுது.

ஏன் நாக்கு? தொடைக் கறிய எடுக்கக்கூடாதா?

புழு எல்லாத் தசைலயும் ஒரே அளவா இருக்காது. வால்ரஸ்ல நாக்குல அதிகமா சேருது, அதனால கொஞ்சமா இருந்தாலும் நாக்குல மாட்டிக்கும். வேட்டைக்காரருக்கும் சுலபம், ஒரு விலங்குக்கு ஒரே ஒரு நாக்கு, தவறி ரெண்டு தடவ அனுப்புற பேச்சே இல்ல.

புழு இருக்குன்னு வந்துட்டா?

அந்த விலங்கோட கறி யாருக்கும் போகாது, அப்புறப்படுத்திடுவாங்க. மத்த விலங்கோட கறிய தாராளமா சாப்பிடலாம். ஏற்கனவே யாராவது ஒரு துண்டு வாயில போட்டிருந்தா ஊர் நர்ஸ்கிட்ட வந்து சொல்லணும், மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சா புழு தசைக்குப் போறதுக்கு முன்னாடி குடல்லயே அடிச்சுடலாம்.

இது நிஜமாவே வேலை செஞ்சதுக்கு ஆதாரம் உண்டா?

உண்டு. 1997 செப்டம்பர்ல இனுக்ஜுவாக்ல ஒரு பெரிய பரீட்சையே நடந்துச்சு. அங்க அடிச்ச வால்ரஸ்ல புழு இருக்குன்னு லேப்ல சீக்கிரமே புடிச்சுட்டாங்க, உடனே ஊருக்குத் தகவல் போச்சு, சுகாதார ஆளுங்க யார் யார் சாப்பிட்டாங்கன்னு விசாரிச்சு உடனே நடவடிக்கை எடுத்தாங்க. முழுசா தடுத்தாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா நோயோட பாதிப்பு நல்லாவே குறைஞ்சுதுன்னு டாக்டர் ஜான்-ஃப்ரான்ஸ்வா ப்ரூவும் கூட இருந்தவங்களும் 2002ல ஒரு மருத்துவ இதழ்ல எழுதினாங்க. வேட்டைக்காரர், ஊர்த் தலைவர், சுகாதாரத் துறை மூணு பேரும் சேர்ந்து நடத்துறதுதான் இதோட தனித்தன்மைன்னு அவங்களே சொல்றாங்க.

என்னக் கேட்டா, ஒண்ணும் நடக்காத வருஷங்கள விட இந்த மாதிரி ஒரு சம்பவம்தான் பெரிய ஆதாரம். சம்பவம் நடக்காதது அதிர்ஷ்டமாக் கூட இருக்கலாம் இல்லையா.

நூத்துல எத்தனை வால்ரஸ்ல புழு இருக்கும்?

பல வருஷம் சோதிச்சதுல சுமார் 3. மீதி 97ம் சுத்தம். இத ரெண்டு விதமா பாக்கலாம். மூணுதானேன்னு விட்டா, ஒரு ஊர்ல ஒரு சீசன்ல பல விலங்கு அடிப்பாங்க, சில வருஷத்துல ஒண்ணு மாட்டும், மாட்டுனா ஊரே படுக்கும். இல்ல, பயந்து வால்ரஸே வேணாம்னா 97 நல்ல விலங்க வீணா விடுறோம். சோதனை இருந்தா மூணை மட்டும் தள்ளிட்டு மீதிய பயமில்லாம பச்சையாவே சாப்பிடலாம். இனூயிட் மக்கள் இத ஏத்துக்கிட்டதுக்குக் காரணம் எனக்கு இதாத்தான் படுது, இந்தத் திட்டம் அவங்ககிட்ட இருந்து எதையும் புடுங்கல, நல்ல கறிக்கு நல்லதுன்னு ஒரு வார்த்தை கொடுக்குது.

சட்டம் போட்டு கட்டாயமா பண்றாங்களா?

இல்ல. எந்த போலீஸும் வந்து மூட்டைய புடிக்கப் போறதில்ல. வேட்டைக்காரங்க தாங்களாவே நாக்க அனுப்புறாங்க, தாங்களாவே கறிய நிறுத்தி வைக்குறாங்க. ஒரு வாரம் கடல்ல கிடந்து திரும்பி வந்தவன் வாசல்ல கறிய வச்சுக்கிட்டு, ஊரே ஆசையா பாத்துக்கிட்டு இருக்க, இரு லேப்ல இருந்து போன் வரட்டும்னு உக்காந்திருக்குறது லேசான விஷயம் இல்ல. கட்டாயப்படுத்தினா ஒளிச்சு சாப்பிட்டுருப்பாங்க.

இன்னொண்ணு, வேட்டைக்காரர் ஆதரவுத் திட்டம்னு 1975 ஒப்பந்தத்தோட தொடர்ச்சியா வந்தது ஒண்ணு இருக்கு. வேட்டைக்குப் பணம், பெட்ரோல் கொடுப்பாங்க, அடிச்ச கறி ஊர்ப் பொது ஃப்ரீஸருக்குப் போகும், தேவைப்படுறவங்க இலவசமா எடுத்துக்கலாம். வால்ரஸ் வேட்டை இப்படிப் பொது வேலையா நடக்குறதால கறிய நிறுத்தி வைக்குறதும் பொதுவா நடக்குது. ஆளாளுக்குத் தனியா அடிச்சுத் தனியா தின்னுற ஊரா இருந்தா இந்தத் திட்டம் நிலைச்சிருக்காதுன்னுதான் நான் நினைக்குறேன்.

லேப் ஏன் வடக்குலயே இருக்கணும்? பெரிய சிட்டில நல்ல லேப் இல்லையா?

இருக்கு, கனடா உணவுப் பரிசோதனை ஏஜென்சியோட ஒட்டுண்ணி லேப் சாஸ்கட்டூன்ல இருக்கு, நாட்டுக்கே அதுதான் பெரிய லேப். ஆனா ஹட்சன் பே கரையில இருந்து நாக்கு அங்க போயி சேர்றதுக்குள்ள ரெண்டு மூணு ப்ளேன் மாறணும், நடுவுல பனிப்புயல் வந்தா அதுவும் போச்சு. அது வரைக்கும் கறி காத்திருக்குமா? மனுசங்க காத்திருப்பாங்களா? ரிசல்ட் லேட்டானா அடுத்த தடவ யாரும் அனுப்பவே மாட்டாங்க. கூஜுவாக் லேப்னா தங்களோட ப்ளேன், தங்களோட லேப், போன எடுத்தா பேசுறது தெரிஞ்ச ஆளு. வேகமும் நம்பிக்கையும் ஒண்ணா வருது. ரோடு இல்லைன்னு மேல சொன்னேன்ல, அது இங்கதான் உதைக்குது.

இதுல ஓட்டையே இல்லையா?

இருக்கு, நிறைய.

மொதலாவது வேட்டை முகாம். அடிச்ச அன்னிக்கே அங்கயே கொஞ்சம் சாப்பிடுறது பழக்கம், அந்தத் துண்டுக்கு சோதனை கிடையாது. ரெண்டாவது வானிலை, மூணு நாள் ப்ளேன் வரலைன்னா பொறுமை கரையும். மூணாவது, நுனாவிக்ல அடிச்ச கறி தூரத்துச் சொந்தக்காரங்களுக்கும் போகும், அங்க இருந்து இங்கயும் வரும், வந்த பார்சல சோதிச்சாங்களான்னு கேக்குறது விருந்தாளிய சந்தேகப்படுற மாதிரி இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க.

நாலாவது பனிக்கரடி. வால்ரஸ விட கரடிகிட்ட இந்தப் புழு ரொம்பவே அதிகம். ஆனா கரடிக் கறிய நல்லா வேக வச்சுத்தான் சாப்பிடணும்னு இனூயிட் பெரியவங்க காலங்காலமா சொல்லி வச்சிருக்காங்க, பச்சையா தின்னுறது வழக்கமில்ல, அதனால கரடியால வர்ற நோய் ஒப்பிட்டா கம்மி. மைக்ரோஸ்கோப் இல்லாத காலத்துலயே எந்தக் கறிய வேக வைக்கணும், எத பச்சையா தின்னலாம்னு பிரிச்சு வச்சிருக்காங்க பாருங்க.

ஐந்தாவது பணமும் ஆளும். நோயே வராத திட்டத்துக்குப் பணம் கேக்குறது உலகம் பூரா கஷ்டம். பழகுன டெக்னீசியன் வேலைய விட்டுப் போனா அடுத்த ஆளப் பழக்க மாசக்கணக்காகும், வடக்குல ஆளு கிடைக்குறதே பெரும்பாடு.

சோதனை இல்லாத காலத்துல, வேற இடங்கள்ல என்ன ஆச்சு?

1947ல மேற்கு கிரீன்லாந்துல பெருசா பரவுச்சு, நூத்துக்கணக்கானவங்களுக்கு வந்து 33 பேர் செத்தாங்க. இந்தப் புழு ஆர்க்டிக்ல இவ்வளவு பெரிய பிரச்சனைன்னு வெளி உலகத்துக்கு உறைச்சது அப்பத்தான்.

அதுக்கும் முன்னாடி 1897ல ஆண்ட்ரேன்னு ஒரு ஸ்வீடன்காரர் ரெண்டு பேரோட பலூன்ல வட துருவத்துக்குக் கிளம்பினார். பலூன் பனில இறங்கிடுச்சு, மூணு பேரும் பனிக்கரடி அடிச்சு சாப்பிட்டுக்கிட்டே நடந்தாங்க, க்விட்டோயா தீவுல செத்துப் போனாங்க, 1930ல தான் உடம்பு கிடைச்சுது. கரடிக் கறில இருந்த ட்ரிக்கினெல்லாதான் கொன்னுச்சுன்னு 1952ல ட்ரைடன்னு ஒரு டேனிஷ் டாக்டர் எழுதினார், அவங்க விட்டுட்டுப் போன கரடி மிச்சத்துல புழுவும் இருந்துச்சு. இன்னி வரைக்கும் சண்டை ஓயல, குளிர்தான் காரணம்னு சொல்றவங்களும் உண்டு.

இந்த ஒரு புழு மட்டும்தானா? வேற எதுவும் இல்லையா?

டாக்ஸோபிளாஸ்மா இருக்கு, இது புழு இல்ல, பொதுவா பூனை வழியா பரவுற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. நுனாவிக்ல 2004ல அமுண்ட்சென்ங்குற பனி உடைக்குற கப்பல்ல ஊர் ஊராப் போயி உடல்நலக் கணக்கெடுப்பு பண்ணாங்க, பெரியவங்கள்ல பத்துல ஆறு பேர் ரத்தத்துல இது வந்து போன தடம் இருந்துச்சு, பூனையே அபூர்வமா இருக்குற ஊர்ல. பச்சைக் கறி, தோல் உரிக்குற வேலை, குடிக்குற தண்ணின்னு பல வழி இருக்கு. பெரும்பாலானவங்கள ஒண்ணும் பண்ணாது, ஆனா கர்ப்பமா இருக்கும்போது மொதத் தடவையா வந்தா குழந்தைய பாதிக்கும். 1980கள் கடைசில கர்ப்பிணிங்க சில பேருக்கு அப்படி வந்ததுல இருந்து அங்க கர்ப்பிணிங்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்றாங்க. இதுக்கு நாக்கு அனுப்புற மாதிரி சுலபமான வழி இல்ல, அதனால இங்க மட்டும் அட்வைஸ்தான்: எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணி கறிய வேக வச்சோ, சில நாள் நல்லா உறைய வச்சோ சாப்பிடணும் (இது குளிர்ல சாகும், வால்ரஸ் புழு மாதிரி இல்ல).

ஆர்க்டிக் சார் மீன்ல நாடாப்புழு வரும், அது மருந்துக்கு சீக்கிரம் அடங்கிடும், பெருசா யாரும் கவலைப்படுறதில்ல.

கனடாவுல இருக்குற நம்மாளுங்க இதுக்குக் கவலைப்படணுமா?

கடைல வாங்குற கறிக்கு வேணாம். ஆனா வேலை இடத்துல வேட்டைக்குப் போற நண்பர் கரடிக் கறி கொடுத்தா கவனம். 2022ல அமெரிக்காவுல சவுத் டகோட்டால ஒரு குடும்பம் ஒண்ணா சேர்ந்து கரடிக் கறி கபாப் சாப்பிட்டாங்க, கரடி வட சாஸ்காட்சுவான்ல அடிச்சது, 45 நாள் ஃப்ரீஸர்ல இருந்தது. 6 பேருக்கு நோய் வந்துச்சு. அதுல ரெண்டு பேர் கறியே சாப்பிடல, அதோட சேர்த்து சுட்ட காய்கறிய மட்டும் சாப்பிட்டவங்க. கறி கருப்பா இருந்ததால வெந்துச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியல. அதனால கண்ண நம்பாதீங்க, கறித் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி நடுவுல குத்திப் பாருங்க, 71 வரணும். பச்சைக் கறி வெட்டுன கத்தி, பலகைல காய்கறி நறுக்காதீங்க.

சோதிக்காத கறிய ஏற்கனவே சாப்பிட்டாச்சு, இப்ப என்ன பண்றது?

நோய்க்குறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. நேரா டாக்டர்கிட்ட போயி என்ன கறி, எப்போ, எப்படிச் சமைச்சு சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க, நீங்களா சொல்லலைன்னா சிட்டி டாக்டருக்கு இது ஞாபகத்துக்கே வராது, ஃப்ளூன்னு மாத்திரை கொடுத்து அனுப்பிடுவார். ஆல்பெண்டசோல் இல்ல மெபெண்டசோல் கொடுப்பாங்க, தசை வலி அதிகமா இருந்தா ஸ்டீராய்டும் சேர்ப்பாங்க. கர்ப்பமா இருந்தா கண்டிப்பா மொதல்லயே சொல்லிடணும், மருந்து மாறும். மொத வாரத்துல எதிர்ப்பணு ரத்த டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் ஒண்ணும் காட்டாது, அத வச்சு ஒண்ணுமில்லைன்னு விட்டுடாதீங்க, சில வாரம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்லுங்க. கறி மிச்சம் இருந்தா தூக்கிப் போடாம ஃப்ரீஸர்லயே தனியாக் கட்டி வைங்க, சோதிக்கக் கேப்பாங்க. உங்களோட சேர்ந்து சாப்பிட்டவங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிடுங்க.